கட்டுமீறி ஓடிய டீசல் என்ஜினைச் செப்பனிடுதல்

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. ஆயினும் ஜூன் 12-ந் தேதிக்கு முன்னரே குறுவை நாற்றங்காலுக்கு நீர் வேண்டுவோரில் ஆழ்குழாயையும் டீசல் என்ஜினையும் நம்பியிருப்போர் உளர். அந்த என்ஜின் கட்டுமீறி ஓடிப் பெல்ட்டோ கப்ளிங்கோ போய்விட்டால், மிராசுதார்கள் உடைந்ததை மட்டும் மாற்றி உடனே ஓட்டச் சொல்லுகிறார்கள். இது பெரும் பிசகு.

பெல்ட்டு அறுந்து பாரம் நீங்கியவுடன் டீசலைக் குறைப்பது கவர்னரின் வேலை. பம்பின் ராக் பிசினேறி இறுகியிருப்பின் கவர்னர் என் செய்யும்? அன்றியும், ஏர் கிளீனரிலோ கிராங்க் பெட்டியிலோ மசகெண்ணெய் அளவு மிஞ்சினால், என்ஜின் அதனையே உறிஞ்சி எரிக்கும். அப்போது டீசல் குழாயை மூடினாலும் நில்லாது. காற்றுப் புகும் வாயைக் கனத்த பலகையால் அடைக்க வேண்டும், கையால் அடைக்கலாகாது.

ஆகையால் முதலில் மசகெண்ணெயை வடித்துப் பார்க்கவும். டீசல் கலந்து மட்டம் உயர்ந்திருந்தால் இன்ஜெக்டரையும் பம்பையும் சோதிக்க வேண்டும். ராக் விரல் பட்டாலே நகர வேண்டும். கனெக்டிங் ராடு போல்ட்டுகள் மிகுவேகத்தில் நீண்டிருக்கக்கூடும். கண்ணுக்கு நன்றாயிருப்பினும் புதியன இடுக. (இதில் சிக்கனம் பார்ப்போர் பின்னர் என்ஜினையே இழக்க நேரும்.) வால்வு, புஷ் ராடு வளைவையும் பிளைவீல் வெடிப்பையும் பார்த்த பின்னரே கப்ளிங்கைப் பூட்டலாம். முதல் ஓட்டம் பாரமின்றி, குறைந்த வேகத்தில் நடக்கட்டும். பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பிளைவீலுக்கு நேரே ஒருவரும் நிற்கலாகாது.