ஃபைபர்கிளாஸ் டிரம்மும் காதின் நுண்செல்களும்

சென்ற ஆண்டு, சிஸ்பிளாட்டின் மருந்தேற்றம் தொடங்குமுன் செவித்திறன் பரிசோதனைக்காக எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒருவர் வந்தார். அறுபதைக் கடந்தவர். அமெரிக்காவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஊர் திரும்பியவர். சோதனை அறைக்குள் நுழையும் முன்பே, “டாக்டர், சிகிச்சை முடிந்ததும் நான் டிரம் வாசிக்கலாமா?” என்று கேட்டார். உடன் வந்திருந்த மகன் சற்றே சலிப்புடன், “அப்பா, முதலில் உடம்பைப் பார்ப்போம். அந்தத் தூசி மூட்டையை விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்” என்றார்.

பெரியவர் பதில் சொல்லாமல் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பாத்திரக்கடை அலமாரிபோல் பளபளக்கும் ஒரு டிரம் செட். உலோகம் என்றே நான் எண்ணினேன். அவர் சிரித்தார். மேலே ஒட்டியிருப்பது குரோம் பூச்சுள்ள மெல்லிய தாள். உள்ளே இருப்பது முழுக்க ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடியிழை.

அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன். அவருடைய கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தர என்னால் அன்று இயலவில்லை. விடை தேடும் வழியில் அவர் எனக்கு டிரம்களைப் பற்றிக் கற்பித்தார். நான் அவருக்குக் காதைப் பற்றிச் சொன்னேன்.

அவரிடம் இருப்பது ஃபைப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் செட். 1960களில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் பாப் கிராவுசோ, ஜான் மொரேனா என்னும் இருவர் அதைத் தொடங்கினர். அக்காலம் வரை டிரம்மின் கூடு பெரும்பாலும் மரத்தால் ஆனது. மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டி, வளைத்து, முனைகளைச் சேர்த்து உருளையாக்குவர். மரம் ஈரத்தை உறிஞ்சும், காய்ந்தால் சுருங்கும், நாளடைவில் வட்டம் கோணும். கண்ணாடியிழையோ அச்சில் வார்க்கப்படுவது. இழைத்துணியை அச்சின்மேல் பரப்பி, பாலியெஸ்டர் ரெசினைப் பூசி இறுகவிட்டால், இணைப்பே இல்லாத ஒற்றை உருளை கிடைத்துவிடும். படகுகளிலும், 1953இல் வெளிவந்த ஷெவர்லே கார்வெட் காரின் உடலிலும் தன் வலிமையைக் காட்டிய பொருள், இவ்வாறு இசைக்கருவிக்கு வந்து சேர்ந்தது.

புகழ்பெற்ற ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச், மற்ற டிரம்கள் வேறு நிறுவனத்தினுடையவையாக இருந்தபோதும், ஃபைப்ஸின் ஸ்னேர் டிரம்மை விரும்பி வாசித்தார். 1970இல் கிதார் தயாரிப்பில் பெயர் பெற்ற சி.எஃப். மார்ட்டின் நிறுவனம் ஃபைப்ஸை வாங்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் உற்பத்தி அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில்லில் இருந்த கார்டர் என்பவரின் கைக்குச் சென்றது. ஃபைப்ஸ் தனித்து நிற்கவில்லை. ஜப்பானின் பேர்ல் நிறுவனம் 1970களில் வெளியே மரமும் உள்ளே கண்ணாடியிழையுமாகக் கூடுகளைச் செய்தது. கலிஃபோர்னியாவில் ஆலன் பிளேமையர் கண்ணாடியிழைக் கூடுகளை வார்த்தார். ரோஜர் நார்த் என்னும் டிரம்மர் ஒருபடி மேலே சென்று, ஊதுகொம்பின் வாய்போல் விரிந்து முன்னோக்கி வளையும் டிரம்களையே உருவாக்கினார். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவற்றின் நோக்கம் தெளிவானது. ஒலி கூட்டத்தை நோக்கிப் பாய வேண்டும்.

கண்ணாடியிழைக் கூட்டின் உட்புறம் கடினமானது. ஒலியைச் சிறிதளவே உறிஞ்சும். ஆகவே ஓசை கூர்மையாகவும் திறந்ததாகவும் தொலைவு செல்வதாகவும் இருக்கும் என்பது அதன் அன்பர்களின் கருத்து. என் கருத்தைக் கேட்டால், டிரம்மின் ஓசையைத் தீர்மானிப்பதில் தோலுக்கும் அதன் இழுவிசைக்கும் உள்ள பங்கு கூட்டின் பங்கைவிடப் பெரிது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. நான் உடனே பேச்சை மாற்றினேன்.

பழைய டிரம் ஒன்றை வாங்குமுன் அவர் செய்யும் சோதனைகள் ஒரு மருத்துவரின் பரிசோதனையை ஒத்தவை. தோலைக் கழற்றிவிட்டு, கூட்டைத் தட்டையான கண்ணாடிப் பலகைமேல் வைத்து, உள்ளே விளக்கை ஏற்றி அறையை இருட்டாக்குவார். விளிம்பின் கீழ் எங்கே வெளிச்சக் கீற்று கசிகிறதோ அங்கே விளிம்பு தேய்ந்திருக்கிறது அல்லது கோணியிருக்கிறது. பிறகு விட்டத்தை நான்கைந்து திசைகளில் அளப்பார். வண்ணமின்றி இருக்கும் கூடாயின் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிப்பார். இழைகளின் பின்னலும், முன்பு யாரோ ஒட்டிச் சரிசெய்த இடமும் எக்ஸ்ரே படத்தில் பழைய எலும்பு முறிவு தெரிவதுபோல் தெரிந்துவிடும். மேற்பூச்சில் சிலந்திவலைபோன்ற மயிரிழை வெடிப்புகள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பேர்ல் வகையில் மரமும் இழையும் தனித்தனியே பிரிந்திருந்தால், விரலால் தட்டும்போது அந்த இடம் மட்டும் மந்தமாக ஒலிக்கும், அதை வாங்கமாட்டார். பிற்காலத்தில் துளைக்கப்பட்ட ஒவ்வொரு கூடுதல் துளையும் விலையைக் குறைக்கும். நிறுவனத்தின் சின்னத்தகடும் மூலத் திருகுப்பொருத்திகளும் மாறாமல் இருப்பின் விலை கூடும்.

இதில் மருத்துவராக நான் தலையிட்ட இடம் பழுதுபார்ப்பு. பெரியவர் சிகிச்சைக்கு முன்பு ஒரு கூட்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாராம். “இது கல்நார் போன்றதா, டாக்டர்? அப்பாவுக்கு நோய் இதனால் வந்திருக்குமா?” என்று மகன் தனியே என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அச்சத்தைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். கல்நார் வேறு, இது வேறு. இவ்வகைத் தொடர் கண்ணாடியிழையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றாம் பிரிவில் வைத்துள்ளது. அதாவது, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வகைப்படுத்தப் போதிய ஆதாரமில்லை. இழைகள் ஓரளவு தடித்தவையாதலால் நுரையீரலின் ஆழத்தை எளிதில் எட்டுவதில்லை. ஆயினும் தோல், கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றை அவை நன்றாகவே உறுத்தும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும்.

ஆகவே கூட்டைத் தேய்த்தே தீரவேண்டுமெனில் நீர் தொட்டு ஈரமாகத் தேய்க்க வேண்டும். என்95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். தூசியைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த உடைகளைத் தனியே துவைக்க வேண்டும். தோலில் நமைச்சல் எடுத்தால் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். புதிதாக ரெசின் பூசுவோர் அறியவேண்டியது மற்றொன்று: அதை இறுகச் செய்யும் வினையூக்கித் திரவம் ஒரு துளி கண்ணில் பட்டாலும் விழிப்படலம் நிலையாகப் பாதிக்கப்படலாம். பட்டால் உடனே பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் ஓடும் நீரில் கழுவி, மருத்துவமனைக்கு விரையுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இவ்வேலை எதுவுமே வேண்டாம். கையில் ஏறும் ஒரு சிறு இழைத்துண்டுகூட அப்போது தொற்றுக்கு வழி திறக்கும்.

இனி, அவருடைய முதற்கேள்வி.

நம் உட்காதில் காக்ளியா என்னும் நத்தைச் சுருளில், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்பின் மொழியாக மாற்றுபவை அவையே. பறவைகளுக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. ஃபைப்ஸின் கூட்டில் விழுந்த வெடிப்பை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஒட்டிவிடலாம். இதை ஒட்ட என்னிடம் எதுவும் இல்லை.

85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் அது வெறும் பதினைந்து நிமிடம். டிரம் செட்டின் முன் அமர்ந்திருப்பவரின் காதில் 100 டெசிபெல் என்பது அரிதல்ல. மருத்துவக் கல்லூரி நாட்களில் நானும் ஓர் இசைக்குழுவில் காதடைப்பான் இன்றி வாசித்தவன். என் செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் இருக்கிறது. இரவின் அமைதியில் மெல்லிய இரைச்சல் ஒன்று எனக்குக் கேட்கும். நோயாளர்களிடம் அந்த வரைபடத்தைச் சில சமயம் காட்டுவதுண்டு. அறிவுரையைவிட அது விரைவில் புரிகிறது.

பெரியவரின் நிலை இன்னும் நுட்பமானது. சிஸ்பிளாட்டின் உயிர்காக்கும் மருந்து. அதே மருந்து மயிர்ச்செல்களையும் தாக்கும். உயர் அதிர்வெண்களில் பாதிப்பு முதலில் தோன்றும் என்பதால், ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் 8,000 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலும் சோதிக்கிறோம். இம்மருந்து காக்ளியாவில் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்குகிறது. அக்காலத்தில் பேரொலியும் சேர்ந்தால் இழப்பு பெருகக்கூடும். அமிக்கசின், ஜென்டமைசின் போன்ற ஊசிகள் பெறுவோருக்கும் இது பொருந்தும். இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். காதில் புதிதாக இரைச்சலோ அடைப்போ தோன்றினால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்றும் வாய்ப்பு பல வேளைகளில் உண்டு. ஒரே நாளில் திடீரெனக் காது கேளாமற்போனால் அடுத்த வாரம் வரை பொறுக்காதீர்கள், அன்றே வாருங்கள்.

அவரிடம், சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் வரும் மாதங்களிலும் ஓங்கி வாசித்தல் கூடாது என்றேன். “அப்படியானால் விற்றுவிடலாமா?” என்றார், மகனைப் பார்க்காமல். வேண்டாம் என்றேன். சேகரிப்பவரின் பொழுதில் பெரும்பகுதி ஓசையற்றது. துடைத்தல், அளத்தல், திருகுகளுக்கு எண்ணெயிடுதல், குறிப்பெழுதுதல். தோலுக்குப் பதில் வலைத்துணி பூட்டினால் குச்சி படும் ஒலி பேச்சொலியளவே எழும். பிற்பாடு முழுத்தோலில் வாசிக்கும் நாள் வந்தால், எல்லா அதிர்வெண்களையும் சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் உண்டு, பஞ்சு உதவாது.

நான்காம் சுற்றுக்குப் பின் அவருடைய வரைபடத்தில் 8,000 ஹெர்ட்ஸில் சிறு சரிவு தெரிந்தது. பேச்சொலிப் பகுதி அப்படியே இருந்தது. மருந்தினால் விரல்நுனிகள் மரத்துப்போனதால் சிறு திருகுகளைப் பிடிக்க அவரால் இயலவில்லை. சென்ற வாரம் வந்தபோது மகனின் கைவிரல் நகங்களுக்கடியில் குரோம் மெருகின் கறை இருந்தது. தோலை இழுத்துக் கட்டும்போது எதிரெதிர்த் திருகுகளை அரைச்சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் முறுக்கக்கூடாதாம். அப்பா மூன்று முறை கழற்றவைத்தார் என்று அவர் என்னிடம் முறையிட்டார்.