காளானும் குடலும்

புதுவை நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்ப்போர் உளர். நெடுங்காலம் புதுவையை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலே, நான்சி நகரத்துப் பிராக்கோனோ என்னும் அறிஞர், 1811ஆம் ஆண்டில் காளானிலிருந்து காரத்திலும் கரையாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் அது கைட்டின் எனப்பட்டது.

காளானின் செல்சுவரில் கைட்டினோடு பீட்டா குளுக்கான் என்னும் நார்ப்பொருளும் உண்டு. நம் சிறுகுடல் இதனைச் செரிக்கமாட்டாது. ஆயினும் அது வீண்போவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உண்டு பியூட்டிரிக் அமிலம் முதலியவற்றைத் தருகின்றன. குடற்சுவருக்கு அவ்வமிலம் சிறந்த உணவாகும்.

குடலழற்சி நோயிலோ, உடலைக் காக்க வேண்டிய படையே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. இந்நோய் கண்ட எலிகளுக்குக் காளான் சாறு அளித்தபோது புண் தணிந்தது. மனிதரிடம் நடந்த சோதனைகள் மிகச் சில, அவையும் சிறியன. 1823இல் தோன்றிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த புதுவை ஜிப்மருக்கு வரும் நோயாளி, காளானை நம்பி மருந்தை நிறுத்தினால், தணிந்த புண் மீண்டும் சினந்தெழக்கூடும்.