நகலெடுப்பிலிருந்து நல்வடிவத்திற்கு: ஜப்பானின் குட் டிசைன் விருது

முன்னுரை

தொழில்துறைப் பொருள்களின் வடிவமைப்புச் சிறப்புக்கு வழங்கப்பெறும் விருதுகளுள் ஜப்பானின் குட் டிசைன் விருது நெடிய மரபுடையது. தேர்வுபெற்ற பொருளின்மீது இடப்படும் எழுத்துக்குறியால் அது ‘ஜி மார்க்’ எனவும் வழங்கப்பெறுகிறது. மிலான் நகரில் 1954-இல் தோன்றிய ‘கொம்பாசோ தோரோ’ விருது ஒரு பேரங்காடியின் முயற்சியாகும். ஜி மார்க்கோ, ஓர் அரசு தன்மீது விழுந்த பழியைத் துடைக்க மேற்கொண்ட ஏற்பாடாகும். இத்தோற்றமே அவ்விருதின் பின்னாளைய போக்கையும் விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

நகல் என்னும் பழி

போருக்குப் பின் ஜப்பான் ஏற்றுமதியை நம்பியே எழ முயன்றது. 1950-களில் அதன் துணிவகைகளும் பீங்கான் பொருள்களும் பிறநாட்டு வடிவங்களின் நகல்கள் என்று பிரிட்டன் முதலிய நாடுகள் முறையிட்டன. முறையீடு வணிகத் தடையாக மாறக்கூடும் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. 1957-இல் பன்னாட்டு வணிக, தொழில் அமைச்சகம் நல்வடிவப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் இப்பணி காப்புரிமை அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தமை கருதத்தக்கது. வடிவம் இங்கே அழகியல் பொருளாகப் பார்க்கப்படுவதற்கு முன்பே உரிமைப் பொருளாகப் பார்க்கப்பட்டது. 1959-இல் ஏற்றுமதிப் பொருள்களின் வடிவமைப்பு குறித்துத் தனிச்சட்டமும் வந்தது. ஒருபுறம் சட்டத்தால் தடுத்தல், மறுபுறம் குறியால் ஊக்குதல் என இரண்டும் ஒரே நோக்கின் இரு கைகளாயின.

குறியை வரைந்தவர் யூசாகு கமெகுரா. 1964 டோக்கியோ ஒலிம்பிக் சின்னமும் அவருடையதே.

சோறாக்கும் கலம்

1958-இல் இக்குறியைப் பெற்ற பொருள்களுள் ஒன்று தோஷிபாவின் தானியங்கி மின்சார ரைஸ் குக்கர். 1955 இறுதியில் விற்பனைக்கு வந்த இக்கலத்தின் இயக்கத்தை உருவாக்கியவர் சிறு தொழிற்கூடம் நடத்திய யோஷிதடா மினாமி. சோறாக்கிப் பார்க்கும் சோதனைகளில் பெரும்பங்கு ஏற்றவர் அவர் மனைவி ஃபுமிகோ. உள்பாத்திரத்தில் அரிசியும் நீரும் இருக்கும். வெளிப்பாத்திரத்தில் அளந்த நீர் தனியே ஊற்றப்படும். வெளிநீர் ஆவியாகித் தீர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதற்குள் சோறு வெந்துவிடும். நீர் தீர்ந்ததும் வெப்பநிலை 100 பாகையைக் கடந்து ஏறும். அப்போது ஈருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். கடிகாரமின்றி நீரின் அளவையே நேரத்தின் அளவாக்கிய நுட்பம் இது. அடுப்பருகே நின்று தீயைக் கூட்டியும் குறைத்தும் காத்திருந்த வேலை இதனால் ஒழிந்தது.

இதற்குப் புறவடிவம் தந்த யோஷிஹாரு இவாட்டா அலங்காரம் ஏதும் சேர்க்கவில்லை. வெண்ணிற உருளையும் மூடியும் ஒரு விசையுமே அதன் தோற்றம். மேலைநாட்டு அடுக்களையில் இதற்கு மூலப்படி கிடையாது. நகலெடுக்காதே என்ற தடை மட்டும் தந்திருக்க முடியாத ஒன்றை, சொந்த மக்களின் உணவுமுறையை உற்றுநோக்கியமை தந்தது. ஜி மார்க்கின் வரலாற்றில் இக்கலத்திற்கு உரிய இடம் போதிய அளவு பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பொருளிலிருந்து செயல்முறைக்கு

முதலில் தேர்வுக்குழுவினரே பொருள்களைத் தெரிவு செய்தனர். 1963 முதல் நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாயின. 1980-இல் ஆண்டின் தலைசிறந்த ஒன்றுக்குப் பெருவிருது சேர்க்கப்பட்டது. 1998-இல் பொறுப்பு அரசிடமிருந்து விலகி, இன்றைய ஜப்பான் வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் முன்னோடி அமைப்பிடம் சென்றது. இந்தியாவின் ‘இந்தியா டிசைன் மார்க்’ இந்நிறுவனத்தின் ஒத்துழைப்போடு உருவானதே. இன்று ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஜி மார்க் பெறுகின்றன. குறியைப் பயன்படுத்தக் கட்டணமும் உண்டு. இத்துணைப் பேருக்குக் கிட்டுவது எங்ஙனம் அரிய மதிப்பாகும் என்ற வினா நியாயமானது. ஆயினும் ஒருவரை முதல்வராக்குவது அன்று, தகுதியின் கீழெல்லையை உயர்த்துவதே அடிப்படைக் குறியின் தொடக்க நோக்கம் என்பதை மறத்தலாகாது.

பெருவிருதின் போக்கு வேறு. 2011-இல் அதனைப் பெற்றது ஹோண்டாவின் வழித்தட வரைபடம். அவ்வாண்டு மார்ச் நிலநடுக்கத்திற்குப் பின், வண்டிகளின் வழிகாட்டிக் கருவிகள் அனுப்பிய தரவைக் கொண்டு எந்தச் சாலைகளில் உண்மையில் வண்டிகள் கடந்துள்ளன என்பதை அது காட்டியது. 2018-இல் பெற்றதோ ‘ஒதெரா ஒயாட்சு கிளப்’. பௌத்தக் கோயில்களில் படைக்கப்படும் தின்பண்டங்களை, ஆதரவு அமைப்புகளின் வழியே வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சேர்க்கும் ஏற்பாடு இது. 2013-இல் ஒசாகாவில் தாயும் குழந்தையும் பட்டினியால் இறந்துகிடந்த செய்தி இதற்குத் தூண்டுதலாயிற்று. இங்குப் புதிதாகச் செய்யப்பட்ட பொருள் ஒன்றுமில்லை. கோயிலில் மிகுதி, வீட்டில் பற்றாக்குறை, இடையே உதவும் அமைப்பு ஆகிய மூன்றும் முன்பே இருந்தன. அவற்றை இணைத்த முறையே வடிவமைப்பாக ஏற்கப்பட்டது. இதனைத் தொழில்துறை வடிவமைப்பு எனல் தகுமா என்று ஐயுறுவோர், நீர் தீர்ந்தால் தானே அணையும் அந்தக் கலத்திலும் 1958-இன் நடுவர்கள் கண்டது உருளையின் வடிவத்தை மட்டுந்தானா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.