பெயர்ப்பலகை இழந்த இயந்திரங்கள்

பழம்பொருள் சேர்ப்போர் பல திறத்தினர். நாணயம் சேர்ப்போர் உளர். முத்திரை சேர்ப்போர் உளர். ஏட்டுச்சுவடி தேடி ஊரூராய் அலைந்து நம் மொழிக்கு உயிரூட்டிய பெரியோரும் உளர். இவர்களை உலகம் மதிக்கிறது. ஆனால், துருவேறிய பழைய படகு எஞ்சின்களைத் தேடி மீனவர் கொட்டில்களுள் நுழைந்து, எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு வெளிவரும் ஒருவனைக் கண்டால், “இவன் பழைய இரும்பு வாங்குபவனோ?” என்றே எவர்க்கும் கேட்கத் தோன்றும். கனடாவின் கிழக்குக் கரையில் குடியேறிய நாள்முதல் இக்கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். அதற்குரிய விடையே இக்கட்டுரை.

பெற்றோல் எஞ்சின் என்றவுடன் மோட்டார் வண்டியே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின், அது தரையில் ஓடப் பழகிய காலத்திலேயே நீரிலும் ஓடப் பழகிவிட்டது. ஜேர்மனி தேசத்தவராகிய ஒட்டோ 1876ஆம் ஆண்டில் நான்கடிப்பு எஞ்சினை ஆக்கினார். அவரிடம் பணிபுரிந்த டைம்லரும் மைபாக்கும் பின்னர் தனியே தொழில் தொடங்கி, சிறிய, விரைவாகச் சுழலும் எஞ்சின் ஒன்றைச் செய்து, 1886ஆம் ஆண்டில் நெக்கார் ஆற்றிலே ஒரு படகிற் பொருத்தி ஓட்டினர். வெடிக்கும் எண்ணெயை வைத்துக்கொண்டு நீரில் மிதப்பதா என்று சனங்கள் அஞ்சினராம். ஆகவே டைம்லர் படகைச் சுற்றிலும் கம்பிகளையும் பீங்கான் குமிழ்களையும் கட்டி, அது மின்சாரத்தால் ஓடுவது போலத் தோன்றச் செய்தார் என்பர். புதுமை ஒவ்வொன்றும் மாறுவேடம் பூண்டே மனிதரிடம் வரவேண்டியிருக்கிறது போலும்!

எளிய மீனவனின் கைக்கு எஞ்சினைக் கொண்டு சேர்த்தவர் வேறொருவர். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பட்டறை நடத்திய ஜோசப் டே என்பவர் ஈரடிப்பு எஞ்சினை மிக எளிய வடிவிற்குக் கொண்டுவந்தார். அவருடைய பட்டறையிற் பணியாற்றிய பிரெடெரிக் கொக் என்பார் 1892ஆம் ஆண்டளவில் அதனைத் திருத்தி, வால்வு எதுவுமே வேண்டாத எஞ்சினாக்கினார். பிஸ்டன் மேலெழும்போது கீழ்ப்பெட்டியினுள் பெற்றோலும் காற்றும் கலந்த வாயு புகுகிறது. அது கீழிறங்கும்போது எரிந்த புகை ஒரு துளையால் வெளியேற, புதிய வாயு மற்றொரு துளையால் மேலேறுகிறது. அசையும் உறுப்புகள் சிலவே, கெடுவதற்கும் சிலவே. உப்புக் காற்றில், கொல்லனும் இல்லாத துறையில் வாழ்பவனுக்கு இதைவிட வேறு வரம் யாது?

இவ்வகை எஞ்சின் அத்திலாந்திக்கைத் தாண்டி ஐக்கிய அமெரிக்காவில் வேரூன்றியது. மிச்சிகன் மாநிலத்தில் சின்ற்ஸ் என்பவர் செய்த ஒரு குதிரைவலுப் படகு எஞ்சினை 1893ஆம் ஆண்டில் ஹெயின்ஸ் என்பவர் வாங்கி, வண்டி ஒன்றிற் பொருத்தி, அடுத்த ஆண்டு யூலை 4ஆந் திகதி இந்தியானாவின் வீதியில் ஓட்டினார். அவ்வண்டி இன்று சிமித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது. படகை உந்தப் பிறந்த அந்த எஞ்சின், வண்டியில் ஏறியமையால் அன்றோ அருங்காட்சியகம் புகுந்தது! படகுகளிலேயே உழைத்த அதன் உடன்பிறப்புகள் பெரும்பாலும் கடலின் அடியிலும் குப்பை மேட்டிலும் கிடக்கின்றன.

எஞ்சினும் கையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வெஞ்சின்களை வார்க்கும் பட்டறைகள் வட அமெரிக்காவின் கரையெங்கும் முளைத்தன. கனெக்டிகட் மாநிலத்தில் கொஸ் கொப் என்னும் ஊரில் பாமர் சகோதரர்களும், மிஸ்டிக் என்னும் ஊரில் லேத்திரொப்பும் பெயர் பெற்றனர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், லஹேவ் ஆற்றங்கரையிலுள்ள பிறிட்ஜ்வோட்டரில் 1908ஆம் ஆண்டில் அக்காடியா நிறுவனம் எழுந்தது. 1891ஆம் ஆண்டில் தொடங்கிய லூனென்பேர்க் வார்ப்பாலை ‘அத்திலாந்திக்’ என்ற பெயரில் எஞ்சின்கள் செய்தது. இவற்றுள் மீனவர் மிக விரும்பியது, உருளை ஒன்றே உடைய, நிமிடத்திற்குச் சில நூறு முறையே சுழலும், கனத்த சில்லுப் பூட்டிய எஞ்சினாகும்.

அதன் தீப்பொறி பிறக்கும் விதம் தனியழகுடையது. உருளையினுள்ளே இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மின்கம்பிச் சுருளினூடாக மின்சாரம் பாயும். வேண்டிய கணத்தில் ஒரு கோல் அவற்றைப் பிரிக்கும். பிரியும் இடத்தில் பொறி தெறிக்கும். உயர் அழுத்த மின்சாரம் இங்கே இல்லை. ஆகையால் கடற்சாரல் கம்பியை நனைத்தாலும் மின்சாரம் எளிதிற் கசிந்தோடுவதில்லை.

பின்னோக்கிச் செல்வதற்கு இவற்றுட் பலவற்றில் பற்சில்லுத் தொகுதி இல்லை. துறையை அணுகும்போது மீனவன் மின்சாரத்தை நிறுத்துவான். சில்லு தளர்ந்து, பிஸ்டன் இறுதியாக மேலேறித் தயங்கும் கணத்தில் மீண்டும் மின்சாரத்தைக் கொடுப்பான். வெடித்த வாயு பிஸ்டனை வந்த வழியே தள்ள, எஞ்சின் மறுபுறமாகச் சுழலும். கணம் தவறினால் படகின் மூக்கு துறைமேடையில் மோதும். இந்த நுட்பத்தை விலைப்பட்டியலைப் படித்துக் கற்றுவிட முடியாது. தந்தை செய்ய மகன் பார்த்திருந்து, தன் செவியாலும் கையாலும் பழகிக்கொண்டதே அது.

தேடலும் தெளிவும்

நிற்க. ஓர் எஞ்சினைக் கண்டெடுப்பது எளிது. அது யாருடையது, எந்த ஆண்டினது என்று துணிவதே அரிது. பித்தளைப் பெயர்ப்பலகைகளை எவரோ முன்னரே கழற்றிக்கொண்டு போயிருப்பர். பலகை இருந்தாலும் அதிற் காணும் ஆண்டு பெரும்பாலும் காப்புரிமை பெற்ற ஆண்டேயன்றி, எஞ்சின் வார்க்கப்பட்ட ஆண்டு அன்று. ஒரு பட்டறை வார்த்த எஞ்சினை மற்றொரு வணிகர் தம் பெயரைப் பொறித்து விற்றதும் உண்டு. காபரேற்றரைக் கொண்டு தீர்மானிக்கலாமோ எனின், அதுவும் இயலாது. இந்தியானாபொலிஸ் நகரத்து ஷெப்லர் காபரேற்றர் எத்தனையோ கம்பனிகளின் எஞ்சின்களிற் பூட்டப்பட்டது.

ஆகவே ஆராய்ச்சியாளன் வார்ப்பிரும்பில் எழுந்து நிற்கும் எண்களைப் படியெடுக்கிறான். உருளையின் விட்டத்தை அளக்கிறான். காப்புரிமை வரைபடங்களையும், ‘றடர்’ முதலிய பழைய படகுச் சஞ்சிகைகளின் விளம்பரங்களையும் ஒப்புநோக்குகிறான். ஸ்ரான் கிரேசன் என்பார் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒற்றை உருளை எஞ்சின்கள் பற்றிய நூல் இத்துறையில் நடப்போர்க்கு ஒரு கைவிளக்காயிற்று. மிஸ்டிக் நகரின் கடற்றுறை அருங்காட்சியகத்தில் இத்தகைய எஞ்சின்களை ஓட்டிக் காட்டும் கண்காட்சிகளும் நடைபெற்றுள்ளன.

இத்தனை தேடலுக்கும் பயன் யாது? என் சேகரிப்பிலுள்ள ஓர் எஞ்சினைச் சான்றாகச் சொல்கிறேன். நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் முதிய மீனவர் ஒருவரின் கொட்டிலில் அது கிடந்தது. பலகை இல்லை. அதன் பெயர் என்னவென்று கேட்டேன். “எங்கள் வீட்டில் அதைக் ‘கிழவன்’ என்போம்; வேறு பெயர் அறியேன்” என்றார். மூன்று மாரிகாலம் ஏடுகளைப் புரட்டியபின், அது லஹேவ் ஆற்றங்கரையில் 1920ஆம் ஆண்டை ஒட்டி வார்க்கப்பட்டதெனத் துணிந்தேன். நீர்ச்சட்டையில் ஒரு வெடிப்பும் அதைப் பொருத்திய பித்தளைத் தழும்பும் இருந்தன. குளிர்காலத்தில் உள்ளே நின்ற நீர் உறைந்து இரும்பைப் பிளந்திருக்கிறது.

ஆயினும் எஞ்சினைவிடப் பெரிய செல்வம் அதன் பின்னால் சுவரில் இருந்தது. அச்சுவர்ப் பலகையில் அவருடைய தந்தையார் பென்சிலால் கணக்கெழுதியிருந்தார். ஒரு பக்கம் வாங்கிய பெற்றோல், கலன் கலனாக. மறுபக்கம் விற்ற மீன், எடை எடையாக. சில ஆண்டுகளில் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமன். “பாய்க்குக் காற்று இனாம், இவனுக்கோ தினமும் காசு வேண்டும்” என்றார் முதியவர். சற்று நேரம் மௌனமாயிருந்தவர், “ஆனால், காற்று விழுந்த நாளிலும் அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார்” என்றார். எஞ்சின் தந்த விடுதலையையும், அது கொணர்ந்த கடனையும் இவ்விரு வாக்கியங்களைப்போல விளக்கும் நூல் எதனையும் நான் கண்டிலேன். அவர் இசைவுடன் அப்பலகையையும் படியெடுத்துக்கொண்டேன்.

காலம் குறுகியது. 1942ஆம் ஆண்டளவில் போருக்காகப் பழைய இரும்பு திரட்டியபோது ஐக்கிய அமெரிக்காவில் எண்ணற்ற எஞ்சின்கள் உலைக்குச் சென்றன. அதன்பின் டீசல் எஞ்சின் வந்தது. 1992ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் கொட் மீன்பிடி தடை செய்யப்பட்டபோது ஏறக்குறைய 30,000 பேர் தொழில் இழந்தனர், துறைகள் வெறிச்சோடின. இரும்பு துருப்பிடித்தாலும் சில தலைமுறை நிற்கும். எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றத் தெரிந்த கை அவ்வாறு நில்லாது.

இதனை நம்மவர்க்கு எழுதுவதற்கும் காரணம் உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையைச் சென்றடைந்த பெருமையை நாம் மறக்கவில்லை. எழுதிவைத்தோர் இருந்தமையால் அது நிலைத்தது. ஆனால், நம் வள்ளங்களிலும் தோணிகளிலும் முதன்முதல் எஞ்சின் பூட்டியவர் யாவர்? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? பட்ட கடன் எவ்வளவு? பழுது பார்க்கக் கற்பித்தவர் யார்? இவற்றை அறிந்த முதியோர் இன்னும் சிலர் நம் கரைகளில் இருக்கின்றனர். எஞ்சினைச் சேர்த்துவைக்க இடமும் பணமும் வேண்டும். கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். கடற்கரை ஊர்களில் வாழும் இளைஞர்கள், ஆளுக்கொரு முதியவரிடம் ஒரு மாலைப்பொழுது சென்றமர்ந்து கேட்பார்களாக.