இரண்டு குழந்தைகளின் பெயரில் விவால்டி

இத்தாலிய இசைமேதை அந்தோனியோ விவால்டி 1741-இல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். அவர் கைப்பட எழுதிய இசைக்குறிப்புகளில் பெரும்பகுதி எங்கே போனது என்று ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

1926-இல் வடக்கு இத்தாலியில் சலேசியத் துறவிகள் தங்களிடமிருந்த பழைய இசைச்சுவடிகளை விற்க நினைத்து, தூரின் தேசிய நூலகத்திடம் மதிப்பீடு கேட்டார்கள். பெட்டிகளைத் திறந்தால் கட்டுக்கட்டாக விவால்டி! ஆய்வாளர் அல்பெர்த்தோ ஜெந்திலி அந்தச் சுவடிகளை ஆராய்ந்தார். தொடர்ச்சி விட்டுப்போயிருந்தது. மீதிப் பாதி ஜெனோவாவில் ஒரு பிரபுக் குடும்பத்திடம் இருந்தது.

வாங்க நூலகத்திடம் பணமில்லை. மகன் மௌரோவைக் கைக்குழந்தையாகப் பறிகொடுத்த ரொபேர்த்தோ ஃபோவா என்பவர் முதல் பாதியை வாங்கிக் கொடுத்தார். 1930-இல் மற்றப் பாதியை வாங்கித் தந்த பிலிப்போ ஜோர்தானோவும் சிறுவயது மகன் ரென்சோவை இழந்த தந்தைதான். புத்திர சோகத்திலும் எவ்வளவு பெரிய மனது!

ஏறத்தாழ 450 படைப்புகள் அடங்கிய அந்தச் சுவடிகள் இன்றும் தூரின் நூலகத்தில் மௌரோ ஃபோவா, ரென்சோ ஜோர்தானோ என்ற அந்தக் குழந்தைகளின் பெயர்களிலேயே இருக்கின்றன.