எழுபது வளைவும் இறங்கி வரும் மண்ணும்

கொல்லிமலையில் பழைய வீடு விழுந்தால் குப்பை மிஞ்சாது. மூங்கில் படலில் செம்மண் அப்பிய சுவர், மேலே புல் கூரை. ஐப்பசி அடைமழையில் சுவர் சரிந்தால் மண் மண்ணோடு போய்விடும். தேறிய கம்பையும் விட்டத்தையும் உருவி அடுத்த வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். மக்கிய புல் காட்டுக்கு எருவாகும். சாமையும் தினையும் கொட்டி வைத்த தொம்பைகூட மூங்கிலும் மண்ணும்தான். இதை மலையாளிப் பழங்குடி மக்களின் எளிமை என்று நாம் கீழே உட்கார்ந்து சிலாகிப்பது சுலபம். மழை இரவில் ஒழுகும் கூரைக்கடியில் பிள்ளைகளைக் கிடத்தியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓடும் கான்கிரீட்டும் கேட்டது அவர்கள் உரிமை. ஆனால் வீடு மாறியபோது இடிபாடும் மாறிவிட்டது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்று வாழவந்தி நாட்டிலோ வளப்பூர் நாட்டிலோ பெருங்காற்றில் ஒரு வீடு சேதமானால் வாசலில் என்ன கிடக்கும்? உடைந்த சிமென்ட் ஷீட், ஹாலோபிளாக் துண்டு, வளைந்த கம்பி, தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக், நனைந்த மெத்தை, டிவி. இவற்றில் கம்பியைப் பழைய இரும்புக்காரர் வாங்கிக்கொள்வார். மற்றதெல்லாம் ஓடைக்கரைக்குப் போகும். சிமென்ட் ஷீட் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது. கூரையில் முழுசாக இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லையில்லை. உடையும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் தூசிதான் நுரையீரலில் தங்குவது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. புயலுக்கு மறுநாள் அதை வெறுங்கையால் பொறுக்கி, கோழிக்கூண்டுக்கு ஆகுமா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கிறோம்.

சாலையின் கதை இன்னும் சிக்கல். சாலை வருமுன் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையோடு அடிவாரச் சந்தைக்கு இறங்கினார்கள். பாதை சரிந்தால் சுற்றி நடந்தார்கள். விழுந்த பாறை விழுந்த இடத்திலேயே கிடந்தது, அடுத்த ஆண்டு அதில் புல் முளைத்தது. இன்று காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பலாவும் மிளகும் மரவள்ளியும் அதில்தான் இறங்குகின்றன, அரிசியும் ஆசிரியரும் அதில்தான் ஏறுகிறார்கள். ஒரு லாரி அளவு மண் விழுந்தாலும் மலை நின்றுபோகும். முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்ற வேண்டும். அதனால் நெடுஞ்சாலைத் துறை முதலில் செய்வது பாதையைத் திறப்பது. பொக்லைன் வரும், மரத்தை அறுப்பார்கள், மண்ணை ஓரம் தள்ளுவார்கள். சில மணி நேரத்தில் பஸ் ஓடும். அந்த வேகத்தைக் குறை சொல்ல முடியாது. பிரசவத்துக்கு இறங்கும் பெண்ணுக்கு அதுதான் உயிர்.

ஆனால் எங்கே தள்ளுகிறோம்? கொண்டை ஊசிப் பாதையில் ஒரு வளைவின் பள்ளத்தாக்குப் பக்கம் என்பது கீழ் வளைவின் தலைப்பக்கம். மேலே ஓரம் கட்டிய மண் இறுகாத மண், வேர் இல்லாத மண். அடுத்த மழையில் அது தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, கீழே உள்ள சிறுபாலத்தின் வாயை அடைக்கும். வாய் அடைபட்டால் தண்ணீர் சாலைமேல் ஏறி, விளிம்பை அரித்து, புதிய சரிவை உண்டாக்கும். ஒரு சரிவை அள்ளிய வேலையே அடுத்த சரிவுக்கு விதை. இமயமலையில் சார்தாம் சாலை அகலப்படுத்தலிலும் மண்ணை இப்படிச் சரிவில் கொட்டியதை உச்ச நீதிமன்றம் அமைத்த ரவி சோப்ரா குழு சுட்டிக்காட்டியது. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் விலக்கல்ல: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதை சரிந்தது, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள்.

இதோடு மரவள்ளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாமை விளைந்த சரிவுகளில், சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பரவியது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்படுகிறது. அந்த மண்தான் மழையோடு ஓடைக்கு வருகிறது. பணப்பயிரை விடச் சொல்ல யாருக்கும் வாயில்லை, எனக்கும் இல்லை.

மண்ணை மட்டுமல்ல, விழுந்த மரத்தை அகற்றவும் செலவாகும் என்று 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு அரசு ஒப்புக்கொண்டது. டெல்டாவில் விழுந்த தென்னை ஒவ்வொன்றுக்கும் 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. தொகை போதுமா என்பது வேறு கதை. அகற்றாத தண்டு மக்கினால் அதில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிப் பிழைத்த கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். அதனால் அந்த 500 தோப்பைக் காக்கும் செலவும்தான். கொல்லிமலையிலும் மரம் தனியாக விழுவதில்லை: சில்வர் ஓக் விழுந்தால் அதில் ஏறிய மிளகுக் கொடியும் போகும்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. கட்டுமான இடிபாட்டுக்கு 2016இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2025இல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தொடக்கமாகக் கொண்ட புதிய விதிகளோ, இயற்கைப் பேரிடரில் உண்டாகும் இடிபாட்டைத் தம் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டன. இடிபாட்டுக்குக் கட்டுநரைப் பொறுப்பாக்குவதும் 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள கட்டடங்களுக்குத்தான். அப்படி ஒன்றைக் கொல்லிமலையில் தேட வேண்டியதில்லை.

மிஞ்சுவது பேரிடர் நிவாரண நிதி. 2022-26 காலத்துக்கான அதன் நெறிமுறையில் முழுதாக இடிந்த வீட்டுக்கு மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய், விளைநிலத்தில் விழுந்த மண், கல்லை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். பொது இடத்து இடிபாட்டை அள்ளவும் அதில் ஒரு தலைப்பு இருந்தது. சொந்த வாசலில் கிடக்கும் உடைந்த ஷீட்டுக்குத் தலைப்பு இருக்கவில்லை. நாலைந்து வளைவுக்கு ஒன்றாகச் சமதளத்தில் மண் கொட்டும் இடம் குறித்து வைப்பது, ஷீட்டை நனைத்து, உடைக்காமல் சாக்கில் கட்டிக் கீழே இறக்க ஊராட்சிக்கு ஒரு டிராக்டர் வாடகை ஒதுக்குவது: இரண்டும் புரட்டாசிக்குள் முடிகிற வேலை. இடத்தை நெடுஞ்சாலைத் துறையும் வனத்துறையும் சேர்ந்து காட்ட வேண்டும். வாடகைக்கு மாவட்ட நிர்வாகம் கையெழுத்துப் போட வேண்டும்.