திராக்ஷைக் கொடியில் கவாத்தும் காய்ப்பும்

திராக்ஷை இயல்பில் குளிர்ந்த நாட்டுக் கொடியாகும். அந்நாடுகளில் அது பனிக்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கி, வருஷத்திற்கு ஒரே முறை பலன் தரும். தேனி ஜில்லாவைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்கிலோ கொடி உறங்குவதில்லை. கவாத்துச் செய்யும்போதெல்லாம் துளிர்க்கிறது. ஆதலால் அங்கே பன்னீர்த் திராக்ஷையில் வருஷத்திற்கு இரண்டு போகமும், சில தோட்டங்களில் அதற்கு மேலும் எடுக்கப்படுகின்றன. கம்பம் பன்னீர்த் திராக்ஷைக்கு 2023-ம் வருஷத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும், ஒரே நாளில் கவாத்துச் செய்த இரு தோட்டங்களில் ஒன்று குலை குலையாய்க் காய்ப்பதும், மற்றொன்று வெறும் இலையும் பற்றுச்சுருளுமாய் நிற்பதும் உண்டு. இதன் காரணத்தைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

கருவின் காலம்:— கவாத்தினால் பூ உண்டாவதில்லை. முந்திய போகத்தில் வளர்ந்த கிளையின் கண்ணுக்குள் ஏற்கெனவே உருவான கருவை அது வெளிப்படுத்துகிறது, அவ்வளவே. கவாத்துக்குப் பின் ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் புதுக்கிளையின் கண்களில் இக்கரு உருவாகத் தொடங்குகிறது. அப்பொழுது கிளைக்கு நல்ல வெயில் கிடைத்தால் கரு பூங்குலையாகும். நிழலில் அடைந்து கிடந்தால் அதுவே பற்றுச்சுருளாய் மாறிவிடும். ஆகவே அச்சமயத்தில் பந்தலில் அடர்ந்த வீண்துளிர்களைக் கிள்ளி, கிளைகளைப் பரப்பிக் கட்ட வேண்டும். தழைச்சத்தும் நீரும் மிகுந்தால் கொடி இலையிலேயே பெருகுமாதலால் அளவறிந்து இடுதல் நலம்.

கவாத்து:— கோடைப் போகத்திற்கு டிஸம்பர், ஜனவரி மாதங்களிலும், மழைக்காலப் போகத்திற்கு மே, ஜூன் மாதங்களிலும் கவாத்துச் செய்வது வழக்கம். சுமார் 4 மாதங்களில் அறுவடையாகும். கிளை பச்சை நிறம் மாறிப் பழுப்பேறி முற்றியிருத்தல் வேண்டும். சந்தையில் விலை ஏறியிருப்பதைக் கண்டு, முற்றாத கிளையை வெட்டுகிறவர் வரும் போகத்தின் கருவையே வெட்டியவராவார். கவாத்துத் தேதி அடங்கலில் ஏறுவதில்லை. ஒவ்வொருவரும் தம் கணக்கில் குறித்து வைப்பது உசிதம்.

நோய்:— மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் துளிரையும் பூவையும் தாக்கும். இதற்கு 1 கிலோ மயில்துத்தத்தையும் 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்கி, மொத்தம் 100 லிட்டராக்கித் தெளிக்கலாம். தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். நோய் கண்ட பின்னர் தெளிப்பதைக் காட்டிலும் வருமுன் தெளிப்பதே பயன் தரும்.

அறுவடையும் உபயோகமும்:— மாம்பழத்தைப் போலத் திராக்ஷையைப் பறித்த பின் பழுக்க வைக்க இயலாது. நிறம் கண்டவுடன் பறித்த குலை புளிப்பாகவே இருக்கும். ஆதலால் குலையின் நுனிப் பழத்தைச் சுவைத்துப் பார்த்துப் பறித்தல் நன்று. பன்னீர்த் திராக்ஷை நேரே உண்பதற்கும் ரசத்திற்கும் ஏற்றது. விதையுள்ளதாகையால் உலர்ந்த திராக்ஷைக்கு விதையில்லா ரகங்களே சிறந்தவை.

தேக நலம்:— 100 கிராம் பழத்தில் சுமார் 80 கிராம் நீரும், 16 கிராம் சர்க்கரையும் உண்டு. இச்சர்க்கரை எளிதில் ரத்தத்தில் கலப்பதால் களைத்தவருக்கு விரைவில் தெம்பு தரும்; அக்காரணத்தாலேயே நீரிழிவு உடையோர் அளவோடு உண்ண வேண்டும். கறுப்பு ரகங்களின் தோலிலுள்ள நிறப்பொருளும் நன்மையுடையதென்பர். ஆகையால் தோலை நீக்காமல், பலமுறை நீரில் கழுவி உண்பதே முறை.

சுருங்கக் கூறின், இப்போகத்துக் குலையைக் காக்கும்போதே அடுத்த போகத்துக் கருவையும் காப்பவருக்கே திராக்ஷைத் தோட்டம் நிலையான வருவாய் அளிக்கும்.